பெட்டிக்குள்ள இருக்கிறவன் வித்தைக்காரன் இல்லையா?

#1 பெட்டிக்குள்_நான் (திங்கள், இரவு 11.20)

வணக்கம். இவ்வளவு நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இன்னைக்கு மனசு கேக்கல. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நானும் என் மச்சானும் (மாமா மகன், என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன்) ஆறு வருஷமா மேஜிக் பண்றோம். மலேசியாவுல சுங்கை சிப்புட் வட்டாரம்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழான்னு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். பகல்ல அவன் டயர் கடையில, நான் செம்பனை ஆலையில.

மேடையில அவன் கோட்டு, தொப்பி, மைக். நான் கறுப்புச் சட்டை. மேசை தள்ளுறது, புறாவுக்குத் தீனி போடுறது, கண்ணைக் கட்டிக்கிட்டு யாரு பையில என்ன இருக்குன்னு சொல்றது, சாக்குக்குள்ள கட்டி பெட்டியில போட்டுப் பூட்டுனா வெளிய வர்றது, எல்லாம் என் தலையில.

போன சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து. கடைசியா பெட்டி மாத்து வித்தை. என்னைப் பூட்டிட்டு மச்சான் பெட்டி மேல ஏறி நின்னு திரையைத் தூக்குறான். ஒண்ணு, ரெண்டு, மூணு. திரை விழுந்தா பெட்டி மேல நான். உள்ள திறந்து பாத்தா சாக்குல மச்சான். அன்னைக்கு வெண்ணெய் மாதிரி வந்துச்சு. ஆனா கைதட்டு எப்ப வந்துச்சு தெரியுமா? மச்சான் சாக்குலேர்ந்து தலையை நீட்டினப்போ. அதுவரைக்கும் நான் மேல சிலை மாதிரி நிக்கிறேன்.

அப்புறம் அறிவிப்பாளர் அவன் பேரை மூணு தடவை சொல்லிட்டு "அவருடைய உதவியாளர் தம்பிக்கும் ஒரு கைதட்டு" அப்படின்னாரு. அதைக்கூட விட்டுட்டேன். சாப்பாட்டுப் பந்தியில ஒரு அம்மா பக்கத்துல வந்து ரொம்ப பாசமா கேட்டாங்க: "ஏன் தம்பி, இவ்வளவு நாள் கூடவே இருக்கியே, நீயும் ஏதாச்சும் ஒண்ணு ரெண்டு கத்துக்கிட்டா என்ன?"

ரெண்டு பேரு சேர்ந்து பண்ற வித்தையில வித்தைக்காரன் யாரு? அடுத்த மாசம் கோயில் திருவிழாவுல மேடை இருக்கு. இடத்தை மாத்திக்கலாமான்னு அவன்கிட்ட கேக்கலாமா, இல்ல இது எனக்கு வயித்தெரிச்சலா? நேரா சொல்லுங்க.


#2 லயத்துப்_பையன் (திங்கள், இரவு 11.41)

அந்த அம்மா சொன்னதைப் படிச்சிட்டு தே தாரிக் மூக்குல ஏறிடுச்சு அண்ணே 😂 மன்னிச்சுக்குங்க. சோறாவது கறியோட போட்டாங்களா?


#3 பழைய_கிராணி (செவ்வாய், காலை 6.05)

தம்பிக்கு வணக்கம். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (கணக்கர்) நான். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது, பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போன பழக்கம்.

உங்கள் பெட்டி மாத்து வித்தைக்கு ஒரு பெரிய வம்சமே உண்டு. ஹூடினி என்றால் கைவிலங்கை உடைத்துக்கொண்டு வந்த ஒற்றை ஆள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் தொழில் தொடங்கியதே இருவர் கூட்டாகத்தான். ஆரம்பத்தில் கூட நின்றவர்களில் ஒருவர் தம்பி தியோடர், வீட்டில் டாஷ் என்று கூப்பிடுவார்கள். 'ஹூடினி சகோதரர்கள்' என்று பேர் போட்டு இதே பெட்டி வித்தையைச் செய்தார்கள். 1894ல் பெஸ் என்ற பெண்ணை மணந்தார். தம்பி நின்ற இடத்துக்கு மனைவி வந்தார். அண்ணன் தம்பிக்குள் என்ன பேச்சு நடந்ததோ, அது வீட்டு விவகாரம்.

பெஸ் சிறுகூடான ஒல்லி உடம்பு. பாட்டும் ஆட்டமும் செய்துகொண்டிருந்தவர். ஹூடினி பெட்டிக்குள் போவார், பெஸ் திரைக்கு அருகில் நின்று மூன்று முறை கை தட்டுவார். மூன்றாவது தட்டுக்குத் திரையை விலக்குவது ஹூடினி! பெஸ் கட்டுண்டு பெட்டிக்குள். மூன்று விநாடி என்பார்கள். அந்த மூன்று விநாடியில் பாதி ஒருவருடையது, பாதி மற்றவருடையது. ஒருவர் அரை விநாடி தாமதித்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் உலகம் யார் பேரை வைத்துக்கொண்டது? உங்கள் பந்தி அம்மாவைக் கோபிக்காதீர்கள். அவர் உலக வழக்கத்தைத்தான் பேசினார்.

இன்னொன்று. நாம் 'செப்பிடு வித்தை' என்கிறோமே, செப்பு என்றால் சிறு கிண்ணம், சிமிழ். கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளே பந்தை வரவழைப்பதும் மறைப்பதும்தான் அந்த வித்தை. நான் சிறுவனாக இருந்தபோது சம்பள நாளில் தோட்டத்துக்கு ஒருவர் வருவார். கள்ளுக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி சாக்கை விரிப்பார். கூடவே ஒரு பையன். அவனைப் படுக்கவைத்துக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுக் கேட்பார், "இந்த ஐயா கையில் என்ன இருக்கு?" துணிக்குள்ளிருந்து குரல் வரும், "கடிகாரம்!" நாங்கள் அந்த மீசைக்காரரைப் பார்த்து வாய் பிளப்போம். அந்தப் பையன் முகம் எனக்கு நினைவே இல்லை. பாருங்கள், அறுபது வருடம் கழித்து இப்போதுதான் அவனை நினைக்கிறேன்.


#4 மேல்லயம்_அக்கா (செவ்வாய், காலை 9.30)

தம்பி, நான் பெட்டிக்குள்ள இருந்தவ. எண்பதுகள்ல எங்க வீட்டுக்காரர் மேஜிக் பண்ணுவாரு. திடல்ல வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவாங்கள்ல, படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால அரை மணி நேரம் எங்களுக்கு. காலையில அஞ்சு மணிக்குப் பால் மரம் வெட்டப் போவேன். சாயங்காலம் மினுமினுன்னு சட்டை போட்டுக்கிட்டு பெட்டிக்குள்ள படுப்பேன். ரம்பத்தால அறுப்பாரு.

வெளிய பாக்கிறவங்களுக்கு நான் படுத்துக்கிட்டு சிரிக்கிற பொம்பளை. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். முட்டிய எங்க மடக்கணும், மூச்சை எப்ப விடணும், அவரு பெட்டியச் சுத்துறப்போ எந்தக் கைப்பிடியப் பிடிச்சுக்கணும். அவரு ரம்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடியே என் வேலை முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அவரு செய்யிறது முழுக்க நடிப்பு, நான் செய்யிறது முழுக்க நடிப்பில்லாத மாதிரி இருக்கிறது. எது கஷ்டம்னு நீயே சொல்லு.

வயித்துல பெரியவன் நாலு மாசம் இருக்கும்போது ஒரு ஆட்டம் ஒத்துக்கிட்டாரு. என்னால மடங்க முடியல. வேற பொண்ணு யாரும் கிடைக்கல. அன்னைக்கு ஆட்டமே இல்ல. கோட்டு இருந்துச்சு, தொப்பி இருந்துச்சு, ரம்பம் இருந்துச்சு, வித்தைக்காரரும் இருந்தாரு. கயிறையும் சீட்டுக்கட்டையும் வச்சு ஒப்பேத்திட்டு வந்தாரு. ராத்திரி வந்து ஒண்ணும் பேசல. மறுநாள் எனக்குன்னு தனியா ஒரு பையில வறுத்த கச்சான் (வேர்க்கடலை) வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அவ்வளவுதான் அவரு சொன்ன நன்றி.

ஒரு விஷயம் பாத்துக்க. பெட்டியில கீல் சத்தம் போடுதா? சத்தம் வந்தா மொத்தமும் போச்சு.


#5 லயத்துப்_பையன் (செவ்வாய், காலை 9.52)

அக்கா அந்தப் பெட்டி இன்னும் இருக்கா??


#6 மேல்லயம்_அக்கா (செவ்வாய், காலை 10.10)

இருக்கு. கோழி அடைகாக்குது.


#7 சாக்குப்பீஸ் (செவ்வாய், மதியம் 2.15)

தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிராணி ஐயா பழசைச் சொன்னார், நான் நடப்பைச் சொல்கிறேன்.

பென், டெல்லர் என்ற அமெரிக்க ஜோடியைப் பாருங்கள். 1975லிருந்து ஒன்றாக மேடை ஏறுகிறார்கள். பென் ஆறரை அடி உயரம், வாய் ஓயாது. டெல்லர் அவர் பக்கத்தில் குள்ளமாகத் தெரிவார், மேடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் லத்தீன் மொழி கற்பித்தவர், அதாவது என் இனம். கல்லூரி நாட்களில் மாணவர் விருந்துகளில் வித்தை காட்டும்போது குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் தொல்லை. பேச்சுக்குப் பேச்சு போட்டிபோடாமல் வாயை மூடிப் பார்த்தார். ஆள் பேசவில்லை என்றால் என்னதான் செய்கிறான் என்று கூட்டம் தானாகக் கவனித்தது. அந்த மௌனத்தையே தொழிலாக்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் நிற்பவரை யாரும் 'உதவியாளர்' என்று சொல்வதில்லை, அவரையும் சொல்வதில்லை.

கிராணி ஐயா சொன்ன செப்பிடு வித்தையை இவர்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோப்பைகளில் செய்கிறார்கள். உள்ளே பந்து போவது அப்பட்டமாகத் தெரியும், இருந்தும் கண் பின்தொடர முடியாது. நான்கு கைகள், ஒரு வாய். எந்தக் கையைப் பார்ப்பது?

எனவே உங்கள் சிக்கல், பேசாமல் இருப்பதில் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் மேடையில் யார் என்று உங்கள் ஜோடி இன்னும் முடிவு செய்யவில்லை. மேசை தள்ளும் ஆளா, மேசை தள்ளுவதுபோல் நடிக்கும் கள்ளனா?


#8 தட்டும்_கை (செவ்வாய், இரவு 8.40)

நான் தவில்காரன். மேஜிக் தெரியாது, ஜோடி தெரியும்.

மேளத்துல ஒத்துன்னு ஒண்ணு இருந்துச்சு. நாயனம் மாதிரியே நீளமா இருக்கும், ஆனா ஒரே சுருதி. அதை ஊதுறவரு மூணு மணி நேரம் அதே ஒரு சுருதியை ஊதிக்கிட்டு நிக்கணும். இப்ப சுருதிப்பெட்டி வந்துடுச்சு, ஆள் தேவையில்ல. யாராச்சும் ஜால்ரா போட்டா 'ஒத்து ஊதுறான்'னு திட்டுறோம்ல? ஒத்து ஒரு நிமிஷம் நின்னா நாயனக்காரர் எங்க போயி நிப்பாருன்னு திட்டுறவங்களுக்குத் தெரியாது. 'பின்பாட்டு பாடுறான்' அப்படிங்கறதும் அதே கதைதான். நம்ம மொழியிலேயே ரெண்டாவது ஆளுக்கு மரியாதை கொறச்சல், அறிவிப்பாளரை மட்டும் சொல்லி என்ன பண்றது.

ஆனா தம்பி, ஒத்துக்காரருக்கும் நாயனக்காரருக்கும் சம்பளம் ஒண்ணு கிடையாது. அதையும் சொல்லணும். உங்களுக்குப் பங்கு எப்படி?


#9 பெட்டிக்குள்_நான் (செவ்வாய், இரவு 10.02)

எல்லாருக்கும் நன்றி. அக்கா, கீல் சத்தம் போடுது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

பங்கு: நூறு வெள்ளி வந்தா அவனுக்கு அறுபது, எனக்கு நாப்பது. பெட்டி செஞ்ச பலகை காசு, புறாத் தீனி என்னோடது. பேனர்ல அவன் படம் மட்டும்.

கண்கட்டு வித்தையைப் பத்தியும் சொல்றேன். அதுல நான்தான் முழு வேலையும் செய்யிறேன். அவன் கூட்டத்துல நடந்து போயி பொருளை வாங்கிக் காட்டி என்கிட்ட கேப்பான். கேக்கிற விதத்துலதான் இருக்கு எல்லாம். 'சொல்லு'ன்னா ஒண்ணு, 'சொல்லுடா'ன்னா ஒண்ணு, 'சொல்லுங்க சார்'னா

[நிர்வாகி: நாலு வரி நீக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவர் முறையிட்டதால்.]


#10 குட்டு_உடைக்காதே (செவ்வாய், இரவு 10.15)

முறையிட்டது நான்தான். கிள்ளான்ல முப்பது வருஷமா இதே தொழில். தம்பி, உன் வருத்தம் நியாயம். அதுக்காக சோறு போடுற சட்டியை நடுரோட்டுல போட்டு உடைப்பியா? உன் மச்சான் உன்னை ஏமாத்தினதைவிட நீ இப்ப செஞ்சது பெரிய துரோகம்.


#11 லயத்துப்_பையன் (செவ்வாய், இரவு 10.19)

நீக்குறதுக்கு முன்னாடி நான் படிச்சிட்டேன் 😎 இனிமே எங்கம்மா "சாப்பிட வாடா"ன்னு கூப்பிட்டா ஏதோ மோதிரம் காணாமப் போச்சுன்னு தோணும்


#12 பழைய_கிராணி (புதன், காலை 5.50)

கிள்ளான் அன்பர் கோபம் புரிகிறது. ஆனால் கேள்வியிலேயே விடையை ஒளிக்கும் முறை உலகத்துக்கே தெரிந்த பழங்கதை. ரகசியம் முறையில் கிடையாது, பயிற்சியில் இருக்கிறது.

பாரிசில் 1846ல் ரோபேர் ஊதேன் என்ற வித்தைக்காரர் தன் மகன் எமீலுடன் இதைச் செய்தார். அப்பா கடிகாரம் செய்கிறவர். மகனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பார். ஒரு கடை வாசலை ஒரே பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போய், என்னென்ன இருந்தன என்று இருவரும் எழுதி ஒப்பிடுவார்களாம். சுங்கை சிப்புட் பெரிய வீதியில் மளிகைக்கடை வாசலில் இதை முயன்று பாருங்கள், கருவாட்டு வகையே பத்தைத் தாண்டும். பிறகு கேள்வியை விட்டு மணியடித்தே விடை வரவழைத்தார். பேச்சில்தான் குட்டு என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. சிட்னி பிடிங்டன் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு சிங்கப்பூர் சாங்கியில் கைதியாக இருந்தார். நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன அதே காலம். அங்கே ரசல் பிராடன் என்ற சக கைதியைச் சேர்த்துக்கொண்டு, பட்டினி கிடந்த கைதிகளுக்கு 'மனம் படிக்கும்' நிகழ்ச்சி நடத்தினார். போருக்குப் பிறகு மனைவி லெஸ்லியோடு சேர்ந்து 1949ல் பிபிசி வானொலியில் அதையே செய்தார். மனைவியை லண்டன் கோட்டையில் வைப்பார்கள், ஆகாய விமானத்தில் வைப்பார்கள், நீருக்குள் இறங்கும் கூண்டில் வைப்பார்கள். பிடிங்டன் ஒலிபரப்பு அரங்கத்தில் இருப்பார். லெஸ்லி அங்கிருந்து விடை சொல்வார். முடிவில் நேயர்களையே தீர்ப்புச் சொல்லச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வானொலி! கோட்டு இல்லை, தொப்பி இல்லை. கேட்டவர்களுக்கு இரண்டு குரல் மட்டுமே. அங்கே உதவியாளர் யார்? பதில் சொன்னவர்தான் அதிசயம்.

சான்சிக் என்ற டென்மார்க் தம்பதியும் உண்டு. ஜூலியசும் ஆக்னசும். ஆக்னஸ் 1916ல் இறந்துபோனார். ஜூலியசிடம் முறை இருந்தது, பேர் இருந்தது. மறுமணம் செய்துகொண்டார், வேறு இளைஞர்களைப் பழக்கிப் பார்த்தார். பிற்காலத்தில் பெரும்பேர் எடுத்த டேவிட் பாம்பெர்க்கூட அதில் ஒருவர். பழைய ஜோடி திரும்பவில்லை.

குட்டு முழுதும் தெரிந்தும் ஒருவரால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. கிள்ளான் அன்பர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம்.


#13 மச்சான்_நான்தான் (புதன், இரவு 9.05)

இந்த இழைய எனக்கு அனுப்பி வச்சது டயர் கடை முதலாளி. நல்லா இருக்குடா தம்பி. வீடு நாலு கதவு தள்ளி இருக்கு, என்கிட்ட கேக்காம ஊரைக் கேக்கிற.

சரி, நானும் ஊர்கிட்டயே சொல்றேன்.

போன வருஷம் பள்ளிக்கூட மேடை. இவன் பெட்டிக்குள்ள போயிட்டான். நான் திரையைப் பிடிச்சேன், ஒண்ணு ரெண்டு மூணு, ஆளக் காணோம். உள்ள கொக்கி சிக்கிக்கிச்சு. வெளிய முன்னூறு பிள்ளைங்க. பெட்டியத் திறந்தா வித்தை செத்துச்சு, திறக்காட்டி இவன் மூச்சு முட்டுறானான்னு தெரியாது. காலால ரெண்டு தட்டு தட்டுனேன், உள்ளேர்ந்து ஒரு தட்டு வந்துச்சு. சரி உயிரோட இருக்கான். பிள்ளைங்களைப் பாத்து, "இப்ப உள்ள இருக்கிற அண்ணன் வீட்டுப்பாடம் செய்யாததால வெளிய வரமாட்டேங்கிறாரு, எல்லாரும் அவருக்காக வாய்ப்பாடு சொல்லுங்க" அப்படின்னேன். ரெண்டாம் வாய்ப்பாடு முடிஞ்சு மூணாம் வாய்ப்பாடு முமூணு ஒம்பதுல கொக்கி கழண்டுச்சு. தலைமையாசிரியரு இது நிகழ்ச்சியில ஒரு பகுதின்னு நெனச்சு பாராட்டினாரு. நான் மேடைக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். அது இவனுக்குத் தெரியாது, அப்ப இவன் கைதட்டு வாங்கிக்கிட்டு மேடையில நின்னான்.

ஆட்டம் பிடிக்கிறது யாரு? "பாதி காசு அப்புறம் தர்றேன்"னு சொல்றவனுக்கு எட்டு தடவை போன் அடிக்கிறது யாரு? வித்தை சொதப்புனா "என்னய்யா மேஜிக்கு இது"ன்னு ஏச்சு வாங்குறது யாரு? கோட்டுப் போட்டவன்தான். கறுப்புச் சட்டையை யாரும் ஏசுறதில்ல.

அறுபது நாப்பது அதனாலதான். பலகை காசு அவன் போட்டான்னு எனக்குத் தெரியாது. கேட்டா குடுத்திருப்பேன். பேனர் விஷயம் உண்மை, அது தப்பு. அச்சுக்கடையில ஒரு படம்னா மலிவு.


#14 மேல்லயம்_அக்கா (புதன், இரவு 9.40)

வாந்தி எடுத்தியா அப்பா. எங்க வீட்டுக்காரரும் எடுப்பாரு. நான் அவரு கள்ளு குடிச்சிட்டாருன்னு சண்டை போடுவேன். ஒரு நாளும் காரணம் சொன்னதில்ல அந்த மனுஷன்.


#15 குட்டு_உடைக்காதே (புதன், இரவு 10.00)

மச்சான் தம்பி, வாய்ப்பாடு யோசனை பிரமாதம். எடுத்துக்கலாமா?


#16 சாக்குப்பீஸ் (வியாழன், மதியம் 1.30)

1956ல் லண்டனில் நடந்தது ஒன்று இங்கே பொருந்தும். நம் வங்காளத்து பி.சி.சர்க்கார் பிபிசி தொலைக்காட்சி நேரலையில் தீப்தி தே என்ற பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடித்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், கையைத் தேய்த்தார். அவள் அசையவில்லை. முகத்தை மூடினார். அதோடு நிகழ்ச்சி நேரம் முடிந்தது! பெண் செத்துவிட்டாள் என்று பிபிசிக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. மறுநாள் சர்க்கார் பேர் லண்டன் முழுக்க.

அவர் கண்ணில் காட்டிய கலக்கமும் வேண்டும், அவள் இமை அசையாமல் கிடந்ததும் வேண்டும். அவள் சற்றுச் சிரித்திருந்தால் அது சாதாரண ரம்ப வித்தை. ரம்ப வித்தையை மேடைக்கு முதலில் கொண்டு வந்தவர் செல்பிட், 1921ல், அதுவும் லண்டனில்தான். முப்பத்தைந்து வருடம் பார்த்துப் பழகிய ஊரையே ஒரு பெண் சும்மா கிடந்து கலக்கிவிட்டாள்.

இடம் மாறித்தான் பாருங்களேன், இருவரும். ஒரு நாள் ஒத்திகையிலாவது.


#17 பெட்டிக்குள்_நான் (வியாழன், இரவு 11.10)

மாறிப் பாத்தோம். இன்னைக்கு சாயங்காலம், எங்க வீட்டுப் பின்னால.

நான் மைக்கைப் பிடிச்சு "அன்பார்ந்த பெரியோர்களே தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. பக்கத்து வீட்டுப் பாட்டி "யாருடா எலெக்சனுக்கு நிக்கிறது"ன்னு கேட்டாங்க. மச்சான் பெட்டிக்குள்ள போனான். போனான்னா, பாதி போனான். தொப்பை நின்னுடுச்சு. ரெண்டு பேரா இழுத்து வெளிய எடுத்தோம். சட்டைப் பொத்தான் ரெண்டு போச்சு. "இதுக்குள்ளயாடா ஆறு வருஷமா இருக்க"ன்னு கேட்டான். வேற ஒண்ணும் சொல்லல. பலகை காசு எவ்வளவுன்னு கேட்டான், சொன்னேன்.

வாந்தி விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. நான் உள்ள இருட்டுல கிடந்தப்போ வெளிய வாய்ப்பாடு சத்தம் கேட்டுச்சு, இவன் ஜாலியா இருக்கான்னு கடுப்புதான் வந்துச்சு.

அக்கா, டீச்சர் சொன்ன 'கள்ளன்' விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எப்படி ஆரம்பிக்கிறது?


#18 மேல்லயம்_அக்கா (வெள்ளி, காலை 8.15)

பேசாத. ஆனா சும்மாவும் இருக்காத. இதுவரைக்கும் நீ மச்சான் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னிருப்ப, அடுத்து என்ன சாமான் எடுத்துத் தரணும்னு. அப்ப கூட்டமும் அவன் மூஞ்சியத்தான் பாக்கும். இனிமே கூட்டத்தைப் பாரு. அவன் "காசு காணாமப் போச்சு"ன்னு பெருமையடிச்சுக்கிட்டு இருக்கும்போது, அந்தக் காசை உன் காதுலேர்ந்து மெதுவா எடுத்து, ஒரு சின்னப் பிள்ளைகிட்ட மட்டும் காட்டிட்டு பைக்குள்ள போட்டுக்க. மத்ததை பிள்ளைங்க பாத்துக்குவாங்க.

பேசுறவன் கண்ணு பெரிய கூட்டத்து மேல இருக்கணும். பேசாதவன் கண்ணு ஒரே ஒரு ஆள் மேல இருக்கணும்.


#19 தட்டும்_கை (வெள்ளி, காலை 11.00)

அப்புறம் மச்சானுக்கு ஒரு வார்த்தை. இவரு அந்தச் சேட்டை பண்றப்போ நீங்க திரும்பிப் பாக்கவே கூடாது. திரும்பிப் பாக்கணும்னு கை அரிக்கும். நாயனம் உச்சத்துல போறப்போ நான் தட்டாம நிறுத்தி வைக்கிறேன் பாருங்க, அதுதான் எனக்கு இருக்கிறதுலயே கஷ்டமான தாளம்.


#20 பெட்டிக்குள்_நான் (நாலு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 1.15)

திருவிழா முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்தோம். காலு ரெண்டும் விறகுக்கட்டை மாதிரி இருக்கு, ஆனா எழுதாம தூக்கம் வராது.

காசு வித்தை. அக்கா சொன்ன மாதிரியே. முன்வரிசையில ஒரு பொண்ணு, ஆறு வயசு இருக்கும், பாவாடை சட்டை. அவகிட்ட மட்டும் காசைக் காட்டி பையில போட்டேன். அவ மொதல்ல வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் எழுந்து நின்னு, "அங்கிள்! அந்த அண்ணன் எடுத்துட்டாரு!" மச்சான் திரும்பல. "எந்த அண்ணன்மா, இங்க நான் மட்டும்தானே இருக்கேன்"னு கேட்டான். அது ஒத்திகையில இல்லாதது, அவனா சேர்த்துக்கிட்டான். அவ்வளவுதான், திடலே கத்த ஆரம்பிச்சிடுச்சு. நான் மேசைக்குப் பின்னால ஒளிஞ்சேன். அடுத்த கால் மணி நேரம் அவன் என்ன செஞ்சாலும் கூட்டம் என்னைத்தான் தேடுச்சு, அதனால அவன் கை சுதந்திரமா இருந்துச்சு. செப்பிடு வித்தையில இதுவரைக்கும் பயந்து பயந்து செஞ்ச ஒரு எடுப்பை ஒய்யாரமா செஞ்சான், ஒருத்தரும் பாக்கல.

எல்லாம் நல்லா போகல. கண்கட்டு வித்தையில ஒருத்தர் கோழித் தீனிப் பொட்டலத்தை எடுத்து நீட்டிட்டாரு. எங்ககிட்ட அதுக்குக் குறிப்பு இல்ல. மச்சான் என்னென்னமோ சுத்திக் கேட்டான். நான் "முறுக்கு"ன்னு சொல்லிட்டேன். கேலி கொஞ்ச நாளைக்கு ஓயாது.

பெட்டி மாத்து நல்லா வந்துச்சு. பெட்டி மேல நின்னப்பவே கைதட்டு வந்துச்சு, அந்தப் பொண்ணு கத்தினதாலன்னு நெனக்கிறேன்.

அறிவிப்பாளர் முடிவுல "மேஜிக் மன்னனுக்கும் அவரது உதவியாளருக்கும்"னுதான் சொன்னாரு. பேனர்ல ரெண்டு பேர் படம் இருந்துச்சு, அவரு பேனரைப் பாக்கல போல. பங்கு இப்ப அம்பத்தஞ்சு நாப்பத்தஞ்சு. பலகைக்கும் தீனிக்கும் மொதல்ல எடுத்துட்டுத்தான் பிரிக்கிறோம்.


#21 மச்சான்_நான்தான் (ஞாயிறு, இரவு 1.22)

முறுக்குடா முறுக்கு.


#22 பழைய_கிராணி (ஞாயிறு, காலை 6.00)

வந்திருந்தேன். மூன்றாம் வரிசை, ஊன்றுகோலோடு. கோழித் தீனிப் பொட்டலம் என்னுடையது. மன்னிக்கவும், வரும் வழியில் வாங்கியது.


#23 லயத்துப்_பையன் (ஞாயிறு, காலை 9.48)

கிராணி ஐயா 😂😂😂


#24 மேல்லயம்_அக்கா (ஞாயிறு, காலை 10.30)

சந்தோஷம் தம்பி. கீலுக்கு எண்ணெய் போட்டியா?


#25 பெட்டிக்குள்_நான் (ஞாயிறு, மதியம் 12.05)

போட்டேன் அக்கா. தேங்காய் எண்ணெய்.


#26 மேல்லயம்_அக்கா (ஞாயிறு, மதியம் 12.07)

தேங்காய் எண்ணெயா! எறும்பு ஏறிடும்டா, அப்புறம் உள்ள படுத்துப் பாரு தெரியும். துடைச்சிட்டு தையல் மெஷின் எண்ணெய் போடு. வீட்டுக்கு வா, என்கிட்ட பாதி போத்தல் இருக்கு.